எலிசபெத் கேட்லெட்: உழைக்கும் பெண்ணின் முகத்தைச் செதுக்கியவர்

நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், ஏப்ரல் 14க்காகப் பிள்ளைகளோடு சேர்ந்து பதாகை தயாரித்துக்கொண்டிருந்தோம். சாதிய வன்கொடுமைகளில் கொல்லப்பட்டவர்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து, அளவு பார்த்து, அட்டையில் ஒட்டும் வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கையில் பசையோடு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நம்ம ஆளுங்க செத்தப்புறம்தான் படத்துல வருவாங்களா?"

அப்போது எங்களிடம் பதில் இல்லை. கொலையை ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும். அதை மறைப்பது கொன்றவர்களுக்குச் செய்யும் உதவி. ஆனால் ஒரு சமூகத்தின் முகமாக வெளியுலகம் பார்ப்பதெல்லாம் அதன் பிணங்களாகவே இருந்தால், அந்தச் சமூகத்தின் பிள்ளை தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ளும்? இந்தக் கேள்வியோடு தன் வாழ்நாள் முழுவதும் வேலை செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் எலிசபெத் கேட்லெட். சிற்பி, அச்சோவியர். அவர் பிறந்ததும் ஏப்ரலில்தான். அண்ணலின் பிறந்தநாளுக்கு மறுநாள், 15ஆம் தேதி, 1915ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில்.

மூடிய கதவுகள்

கேட்லெட்டின் தாத்தா பாட்டிகள் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள். தோட்டங்களில் பட்ட பாட்டைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அப்பா கணித ஆசிரியர். இவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா, பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப்போகும் அலுவலர். நம்மில் சிலர் இன்று செய்கிற வேலைதான். படித்த குடும்பம். ஆனால் படிப்பு மட்டும் நிறவெறியின் கதவைத் திறந்துவிடாது என்பதைக் கேட்லெட் பள்ளி முடித்த உடனே தெரிந்துகொண்டார்.

பிட்ஸ்பர்க் நகரிலிருந்த கார்னகி தொழில்நுட்ப நிறுவனத்தில் ஓவியம் படிக்க விண்ணப்பித்தார். தேர்விலும் தேறினார். அவர் கறுப்பினத்தவர் என்பது தெரிந்ததும் நிர்வாகம் இடம் மறுத்தது. தகுதி, திறமை என்று பேசுகிற நிறுவனங்கள் தகுதியைக் கண்ணால் பார்த்த பிறகும் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கேட்லெட் தன் ஊரிலேயே இருந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல்கலைக்கழகம். அங்கே ஓவியர் லோயிஸ் மைலோ ஜோன்ஸ், கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் போர்ட்டர் போன்றவர்கள் அவருக்கு ஆசிரியர்களாகக் கிடைத்தார்கள்.

பட்டம் பெற்ற பின் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் பள்ளி ஆசிரியர் வேலை. ஒரே வேலைக்கு வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம், கறுப்பு ஆசிரியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். சமச் சம்பளம் கேட்டு நடந்த இயக்கத்தில் கேட்லெட் சேர்ந்தார். பின்னாளில், 1967இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்த இயக்கத்துக்குத் துணை நின்றார். அந்த முறை அவர்கள் வெற்றி பெறவில்லை.

மேற்படிப்புக்காக அயோவா பல்கலைக்கழகம் போனார். இங்கே இடம் கிடைத்தது. விடுதியில் மட்டும் இடம் இல்லை. கறுப்பின மாணவர்கள் ஊருக்குள் தாங்களாகவே தங்க இடம் தேடிக்கொள்ள வேண்டும். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஓவியர் கிராண்ட் வுட். தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய் என்பது அவர் சொன்ன பாடம். கேட்லெட்டுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். சுண்ணாம்புக் கல்லில் ஒரு தாயையும் குழந்தையையும் செதுக்கினார். 1940இல் சிகாகோவில் நடந்த அமெரிக்க நீக்ரோ கண்காட்சியில் அந்தச் சிற்பம் முதல் பரிசு பெற்றது. அதே ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணும் அவரே.

அடுத்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் டில்லார்டு பல்கலைக்கழகத்தில் கலைத் துறைப் பொறுப்பு. அந்த நகரின் டெல்காடோ அருங்காட்சியகத்துக்குப் பிக்காசோவின் படைப்புகள் வந்திருந்தன. மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அருங்காட்சியகம் ஒரு பூங்காவுக்குள் இருந்தது. அந்தப் பூங்காவுக்குள் கறுப்பினத்தவர் கால் வைக்கக் கூடாது. கேட்லெட் நிர்வாகத்தோடு பேசி, பொதுமக்களுக்கு விடுமுறையான ஒரு நாளில் அனுமதி வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி, அருங்காட்சியக வாசற்படி வரை கொண்டுபோய் இறக்கினார். பூங்கா மண்ணில் நடக்காமல், பேருந்துப் படியிலிருந்து நேராக உள்ளே. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஓர் அருங்காட்சியகத்தின் உள்ளே போனதே இல்லை.

தேர் ஓடும் தெருவில் நடக்கக் கூடாது, கோயில் வாசலில் நிற்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கற்றுக்கொடுக்கப் போய்க் கற்றுக்கொண்டது

1940களின் நடுவில் கேட்லெட் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பள்ளியில் வேலை செய்தார். அது உழைக்கும் மக்களுக்கான மாலைப் பள்ளி. வீட்டு வேலை செய்யும் பெண்கள், துணி வெளுக்கும் பெண்கள், கட்டடங்களில் துப்புரவு வேலை செய்பவர்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டு மாலையில் படிக்க வருவார்கள். அங்கே கேட்லெட் சிற்பமும் சொல்லிக்கொடுத்தார், தையலும் சொல்லிக்கொடுத்தார்.

படித்த நடுத்தரக் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். உழைக்கும் மக்களின் வாழ்க்கையை இவ்வளவு அருகிலிருந்து பார்த்தது இங்கேதான். கலை, இசை, படிப்பு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருந்த பசியைப் பார்த்த பிறகு, தன் கலை யாருக்கானது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நம்மில் முதுகலை படித்துவிட்டுக் களத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மக்களுக்கு எது புரியும், எது புரியாது என்று நாமே முடிவு செய்துகொண்டு போகிறோம். பிறகு அவர்கள்தான் நம்மைத் திருத்துகிறார்கள்.

மெக்சிகோ: பலருக்கான படம்

கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு தொடர் செய்வதற்காக ரோசன்வால்டு நிதியத்தின் உதவித்தொகை கிடைத்தது. 1946இல் மெக்சிகோ போனார். அங்கே மக்கள் வரைகலைப் பட்டறை என்ற கூட்டமைப்பு இருந்தது. லியோபோல்டோ மெந்தேஸ் உள்ளிட்ட கலைஞர்கள் 1937இல் தொடங்கியது. தொழிற்சங்கங்களுக்கும் எழுத்தறிவு இயக்கத்துக்கும் பாசிச எதிர்ப்புக்கும் சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் செய்து கொடுப்பது அவர்கள் வேலை. ஒருவர் வரைந்ததை எல்லோரும் கூடிப் பேசி, குறை சொல்லி, திருத்துவார்கள். கேட்லெட் இருபது ஆண்டுகள், 1966 வரை, அந்தப் பட்டறையில் இருந்தார்.

அவர்கள் அதிகம் கையாண்டது லினோகட். தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியம் என்ற மெத்தென்ற தகட்டை எடுத்து, வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் சிறு உளியால் தோண்டி எடுத்துவிட வேண்டும். மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம். தகடு மலிவு, தாள் மலிவு, அச்சு இயந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தும் எடுக்கலாம். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கலாம்.

இந்த வழிமுறைக்குள் ஓர் அரசியல் இருக்கிறது. எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றுதான் இருக்கும். காசுள்ள ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும். அச்சோவியம் தொழிற்சங்க அலுவலகத்திலும், பள்ளிக்கூடத்திலும், கூலிக்காரர் வீட்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். எந்த ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குக் கேட்லெட், யார் பார்க்க வேண்டும் என்பதை வைத்துப் பதில் சொன்னார்.

பதினைந்தில் ஒன்று

1946–47இல் அவர் முடித்த தொடரின் பெயர் 'நீக்ரோ பெண்'. பின்னாளில் அதைக் 'கறுப்பினப் பெண்' என்று மாற்றினார். மொத்தம் 15 லினோகட் படங்கள். படங்களின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால், ஒரு பெண் தன் கதையைத் தன்மையில் சொல்வது போல வரும்.

முதலில் ஒரு முகம், மிக அருகில். பிறகு வயலில் உழைப்பவள், அடுத்தவர் வீட்டைத் துடைப்பவள், உலகுக்குப் பாட்டைத் தந்தவள். அதன் பிறகு வரலாற்றிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அடிமையாகப் பிறந்து, கறுப்பின உரிமைக்கும் பெண்ணுரிமைக்கும் சேர்த்தே பேசிய சோஜர்னர் ட்ரூத். தான் தப்பியதோடு நிற்காமல் மறுபடி மறுபடி தெற்கே போய் அடிமைகளை மீட்டுக்கொண்டு வந்த ஹாரியட் டப்மேன். அடிமையாக இருந்தபடியே 1773இல் கவிதை நூல் வெளியிட்ட பில்லிஸ் வீட்லி. அடுத்து, சங்கம் கட்டும் பெண், படிக்கும் பெண். பிறகு, பேருந்தில் தனி இருக்கை, தனிக் குடியிருப்பு.

பதினான்காவது படத்தில்தான் சாவு வருகிறது. கழுத்தில் கயிறோடு தரையில் கிடக்கும் ஒரு கறுப்பின ஆண். அவருக்கு மேலே நிற்கும் கால்கள். கால்களுக்கு உரியவர்களின் முகம் இல்லை. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று, அதைப் புகைப்படம் எடுத்து அஞ்சல் அட்டையாக விற்ற வழக்கம் வெள்ளையர்களிடம் இருந்தது. அதையெல்லாம் அறிந்த சமூகத்திலிருந்து வந்த கேட்லெட் கொலையை மறைக்கவில்லை. ஆனால் 15 படங்களில் அது ஒன்று. அதற்கு முன்னால் 13 படங்களில் வாழ்க்கை இருக்கிறது. கடைசிப் படம் நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணின் முகம். சமத்துவமான எதிர்காலம் தன் உரிமை என்கிறது அதன் தலைப்பு.

இந்த விகிதத்தைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். கொல்லப்பட்டவர் யாராக இருந்தார், என்ன வேலை செய்தார், என்ன பாடினார், யாரைத் தன் முன்னோடி என்று நினைத்தார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு பார்க்கும்போது, அந்தப் பதினான்காவது படம் 'பாவம், ஒரு பிணம்' என்று தோன்றுவதில்லை. ஒரு முழு வாழ்க்கை அறுக்கப்பட்டிருப்பது தெரிகிறது.

மேலாடையில் ஓர் ஊக்கு

அவருடைய படைப்புகளில் மிகவும் அறியப்பட்டது 1952இல் செதுக்கிய ஒரு லினோகட். நிலவுடைமையாளரின் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடும் ஒரு பெண். அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பிறகு, நிலம் கிடைக்காத கறுப்பினத்தவரை அதே நிலத்தில் கட்டிப்போட்டது இந்த வார முறை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. விதைக்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய கடன் போக மீதி அநேகமாகப் பூஜ்யம். பண்ணையாள் முறையைப் பற்றித் தாத்தாக்களிடம் கேட்டவர்களுக்கு இது தெரிந்த கணக்கு.

அந்தப் பெண் அகன்ற ஓலைத் தொப்பி போட்டிருக்கிறார். தலைமுடி நரைத்திருக்கிறது. மேலாடைக்குப் பொத்தான் இல்லை. ஓர் ஊக்கு குத்தியிருக்கிறது. வறுமையைச் சொல்ல அந்த ஓர் ஊக்கு போதும் என்று கேட்லெட் விட்டுவிட்டார். கண்ணீர் இல்லை, நீட்டிய கை இல்லை. நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் முகம் வைக்கப்பட்டிருக்கிறது. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைக்கும்போது பயன்படுத்தும் கோணம் அது. முகத்தின் ஒவ்வொரு கோடும் மரத்தைச் செதுக்கியது போல அழுத்தமாக இருக்கிறது. அவர் பார்வை நம் தலைக்கு மேலே எங்கோ தூரத்தில். நம் இரக்கத்தை அவர் எதிர்பார்த்து நிற்கவில்லை.

சிற்பத்திலும் அவர் இதைத்தான் செய்தார். மெக்சிகோவில் பிரான்சிஸ்கோ சூனிகாவிடம் சுடுமண் சிற்பம் கற்றார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் மக்கள் கையாண்ட முறை அது. பிறகு மரச் சிற்பம் பழகினார். 1958இல் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகக் கலைப் பள்ளியில் சிற்பத் துறையின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். மெக்சிகோ ஓவியர் பிரான்சிஸ்கோ மோராவை மணந்து மூன்று மகன்களை வளர்த்தபடி இவ்வளவும்.

'விரும்பத்தகாத அந்நியர்'

அமெரிக்காவில் அது கம்யூனிஸ்ட் வேட்டையின் காலம். மக்கள் வரைகலைப் பட்டறையோடு இருந்ததாலேயே அமெரிக்கத் தூதரகம் கேட்லெட்டைக் கண்காணித்தது. ரயில்வே தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி மெக்சிகோவில் அவர் கைதும் செய்யப்பட்டார். 1962இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றார். உடனே அமெரிக்க அரசு அவரை 'விரும்பத்தகாத அந்நியர்' என்று முத்திரை குத்தி, பிறந்த நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. 1970இல் எவான்ஸ்டன் நகரில் நடந்த கறுப்பினக் கலை மாநாட்டுக்கு வர விசா கிடைக்கவில்லை. அவர் தொலைபேசி வழியாகவே மாநாட்டில் உரையாற்றினார். 1971இல், ஹார்லெமில் தன் கண்காட்சிக்காகத்தான் மறுபடி உள்ளே போக முடிந்தது.

தடுக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் கறுப்பின எழுச்சி உச்சத்தில் இருந்தது. அவர் எல்லைக்கு வெளியே இருந்தபடியே அதற்காகச் செதுக்கினார். 1968இல் செய்த 'கறுப்பின ஒற்றுமை' மரச் சிற்பத்துக்கு ஒரு பக்கம் அமைதியான இரண்டு முகங்கள். சுற்றிப் பின்னால் போனால் இறுக மூடிய முஷ்டி. அதே ஆண்டு, இளைய கறுப்பினச் சகோதரிகளுக்கு வணக்கமாக, முஷ்டி உயர்த்திய பெண்ணைச் செதுக்கினார். ஏஞ்சலா டேவிஸ் சிறையில் இருந்தபோது அவர் விடுதலைக்காக அச்சோவியம் செய்தார்.

1969 டிசம்பர் 4 அன்று விடியுமுன், சிகாகோவில் காவல்துறை ஒரு வீட்டுக்குள் புகுந்து கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் பிரெட் ஹாம்ப்டனையும் மார்க் கிளார்க்கையும் சுட்டுக் கொன்றது. ஹாம்ப்டன் படுக்கையில் இருந்தார். வயது 21. அதற்குப் பதிலாகக் கேட்லெட் 1970இல் செய்த வெண்கலச் சிற்பத்தின் பெயர் 'இலக்கு'. அதில் ரத்தம் இல்லை, சாய்ந்த உடல் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு கறுப்பின இளைஞனின் தலை. அதன் முன்னால் துப்பாக்கியின் குறிவட்டம், குறுக்குக் கம்பிகளோடு. எதிரே நின்று அந்த முகத்தைப் பார்க்கும் யாரும் குறிவட்டத்தின் வழியாகத்தான் பார்க்க முடியும். சுடுபவன் நின்ற இடத்தில் பார்வையாளரை நிறுத்திவிடுகிறார். கொல்லப்பட்டவனைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நகர வழியில்லை. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

எழுபது ஆண்டு கழித்துத் திறந்த கதவு

2002இல் அமெரிக்கக் குடியுரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இடம் மறுத்த கார்னகி நிறுவனம் இப்போது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 2008இல், அவருடைய 93ஆம் வயதில், அது கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. 2012 ஏப்ரல் 2 அன்று மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் தன் 96ஆம் வயதில் அவர் இறந்தார். விடுதியில் இடம் கொடுக்காத அயோவா பல்கலைக்கழகம் 2017இல் திறந்த ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இதைப் பார்த்து 'கடைசியில் நீதி வென்றது' என்று எழுதுவது எளிது. நாங்கள் அப்படி எழுத மாட்டோம். அந்தக் கதவுகளில் திருப்பி அனுப்பப்பட்டு, கேட்லெட் போல வேறு வழி கிடைக்காமல் போனவர்களின் பெயர் எந்த விடுதியிலும் இல்லை. மரியாதை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது வரும்வரை காத்திருந்திருந்தால் அந்த 15 படங்கள் இருந்திருக்காது.

நம் கையில் உளி

கேட்லெட் மெக்சிகோ போன அதே 1946இல்தான், அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் கொடுத்திருந்த மனுவின் பிரதியைக் கேட்டார். கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து ஊக்கம் பெற்று 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் பிறந்தது. இந்த உறவு பழையது. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சூத்திரம் எடுக்க முடியாது. ஆனால் ஒருவர் அனுபவத்திலிருந்து மற்றவர் கற்க முடியும்.

கேட்லெட்டிடமிருந்து நாங்கள் கற்றது ஒரு வேலை முறை. சாவைச் சொல், ஆனால் அதற்கு முன்னால் வாழ்க்கையைச் சொல். பார்ப்பவர் இரக்கப்பட்டு நகர்ந்துவிட வழி விடாதே. யாரைப் பற்றிச் செய்கிறாயோ அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி செய்.

அந்த மாலை வகுப்பில் லினோலியம் வாங்கக் காசில்லை. தேய்ந்துபோன ரப்பர் செருப்புகளின் அடிப்பகுதியைக் கழுவி, பிளேடாலும் ஆணியாலும் செதுக்கினோம். முதல் நாள் எழுத்தெல்லாம் தலைகீழாக வந்தது. அச்சில் இடம் வலம் மாறும் என்பதை மறந்துவிட்டோம். கேள்வி கேட்ட அந்தப் பெண் தன் ஆயாவின் முகத்தைச் செதுக்கினாள். நூறு நாள் வேலையில் தலையில் முண்டாசோடு நிற்கும் ஆயா. நாற்பது பிரதி எடுத்தோம். கொல்லப்பட்டவர்களின் படங்களும் அந்த ஆண்டு பதாகையில் இருந்தன. அவர்களைச் சுற்றி, உயிரோடு இருக்கிற நாற்பது ஆயாக்கள் நின்றார்கள்.

ஜெய் பீம்.